ஓர் அமெரிக்க நகரத்தின் மக்கள்தொகை, பொருளாதார விவரங்களை வாசிப்பது எப்படி: நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரை முன்வைத்து

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ செல்கிறவர்களும், அங்குள்ள ஒரு நகரத்தைப் பற்றி எழுத வேண்டியிருப்பவர்களும் முதலில் தேடுவது அந்நகரத்தின் மக்கள்தொகை, வருமானம், வறுமை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சொல்லும் எண்களைத்தான். இவை அனைத்தும் அரசுத் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை எடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. ஒரே தளத்திலிருந்து ஒரே நகரத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சித்திரங்களை எடுத்துவிட முடியும் என்பதால், சரியாக வாசிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. இரண்டு லட்சம் மக்கள் வாழும் நடுத்தர நகரமான ரோசெஸ்டரை எடுத்துக்கொண்டு, அந்த வாசிப்பை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். புகைப்படச் சுருளுக்குப் பெயர்பெற்ற கோடாக், நகலெடுக்கும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஜெராக்ஸ், கண்ணாடி வில்லைகளுக்குப் பெயர்பெற்ற பாஷ் அண்ட் லாம்ப் என்ற மூன்று நிறுவனங்களும் பிறந்து வளர்ந்த ஊர் இது. தொழில் ஒரு நகரத்தை எப்படி வளர்க்கிறது, அது போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை எண்களில் காண இதைவிட நல்ல ஊரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள்

எந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பும், "ரோசெஸ்டர்" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பெயரில் குறைந்தது நான்கு நிலப்பரப்புகள் இருக்கின்றன. முதலாவது, மேயரும் நகர மன்றமும் ஆளும் மாநகர எல்லை. 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 2,11,328. இரண்டாவது, அந்நகரத்தையும் சுற்றியுள்ள புறநகர் ஊர்களையும் உள்ளடக்கிய மன்றோ கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). இதில் 7,59,443 பேர். மூன்றாவது, வேலைக்காக நாள்தோறும் போய்வரும் மக்களின் போக்கை வைத்துப் பல கவுண்டிகளைச் சேர்த்து மத்திய அரசு வரையறுக்கும் பெருநகர்ப் பகுதி. இது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டது. நான்காவது, அஞ்சல் முகவரியில் வரும் ரோசெஸ்டர். பிரைட்டன், கிரீஸ், ஐராண்டிக்வாய்ட், கேட்ஸ் முதலிய தனித்தனி ஊர்களில் இருக்கும் வீடுகளுக்கும் அஞ்சல் துறை ரோசெஸ்டர் என்றே முகவரி தருகிறது. வீட்டு வாடகை விளம்பரத்தில் ரோசெஸ்டர் என்று போட்டிருப்பதை நம்பி, நகர எல்லைக்குள் குடியேறுவதாக நினைத்துக்கொண்டு வேறொரு ஊராட்சிக்கும் வேறொரு பள்ளி மாவட்டத்துக்கும் சொத்துவரி கட்டுகிறவர் ஆகிவிடுவது அங்கே சாதாரணம்.

மின்னசோட்டா மாநிலத்திலும் ஒரு ரோசெஸ்டர் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேயோ கிளினிக் இருக்கும் அந்நகரத்தில் 2020இல் 1,21,395 பேர் இருந்தனர். அது தொடர்ந்து வளர்ந்துவரும் செல்வ நகரம். மாநிலத்தின் பெயரைச் சரிபார்க்காமல் எடுத்த எண் ஒன்று நியூயார்க் ரோசெஸ்டரைப் பற்றிய கட்டுரையில் நுழைந்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதப்படும் எதுவும் சரியாக இருக்காது.

எல்லையை மாற்றினால் கதை எப்படி மாறுகிறது என்பதற்கு இதோ கணக்கு. 1950இல் மாநகரத்தில் 3,32,488 பேர் இருந்தனர். அதுவே அதன் உச்சம். 2020க்குள் அது ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தது. இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் ஊர் அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதிவிடுவார். அதே எழுபது ஆண்டுகளில் மன்றோ கவுண்டியின் மக்கள்தொகை 4,87,632இலிருந்து 7,59,443 ஆக உயர்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தால், நகரத்துக்கு வெளியே உள்ள கவுண்டிப் பகுதியில் 1950இல் சுமார் 1,55,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் சுமார் 5,48,000 ஆகியிருப்பது தெரியும். 1950இல் கவுண்டி மக்களில் மூவரில் இருவர் நகரத்தில் வாழ்ந்தனர். இன்று நால்வரில் ஒருவரைவிடச் சற்று அதிகமானோரே வாழ்கின்றனர். ஆகவே மக்கள் இந்தப் பகுதியை விட்டுப் போனார்கள் என்பதைவிட, எல்லைக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் குடியேறினார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. வரி வருவாயும் பள்ளிகளும் அந்தக் கோட்டின்படியே பிரிக்கப்படுவதால், சில மைல் தூர இடப்பெயர்ச்சியே நகரத்தின் நிதிநிலையை மாற்றிவிட்டது.

எல்லாக் கோடுகளும் இப்படி அசையாமல் நிற்பதில்லை. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் 2003இல் தன் கவுண்டியோடு இணைந்தது. 2000 கணக்கெடுப்பில் 2,56,231 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2010இல் 5,97,337 என்று பதிவானது. அங்கே யாரும் திடீரென்று வந்து குவியவில்லை, கோடு மட்டும் விரிந்தது. நாஷ்வில் 1963இலும் ஜாக்சன்வில் 1968இலும் இவ்வாறே தத்தம் கவுண்டிகளோடு இணைந்தன. இத்தகைய நகரங்களையும், பழைய எல்லைக்குள்ளேயே முடங்கிப்போன ரோசெஸ்டரையும் மாநகர எல்லை அளவில் ஒப்பிடுவது நியாயமற்றது. இரு நகரங்களை ஒப்பிட வேண்டியிருந்தால் பெருநகர்ப் பகுதி அளவில் ஒப்பிடுங்கள். ஒரு நகரத்தின் பள்ளிகள், வரி, நிர்வாகம் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மாநகர எல்லைக்கு இறங்குங்கள்.

எண் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழுக் கணக்கெடுப்பு 1790 முதல் தடையின்றி நடந்துவருகிறது. அது தலைகளை எண்ணுகிறது. வயது, பாலினம், இனம், வீடு சொந்தமா வாடகையா என்பன போன்ற சில கேள்விகளோடு நின்றுவிடுகிறது. வருமானம், கல்வி, வேலை, பயண நேரம், வீட்டில் பேசும் மொழி ஆகியவை வேறோர் ஆய்விலிருந்து வருகின்றன. அமெரிக்கச் சமுதாய ஆய்வு (American Community Survey) என்று அழைக்கத்தக்க அந்த மாதிரிக் கணக்கெடுப்பு 2005இல் முழு அளவில் தொடங்கியது. ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்கு அதன் படிவங்கள் போகின்றன. இவ்விரண்டையும் நடத்தும் மத்திய அரசு அலுவலகமான சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்தில் நகரத்தின் பெயரைத் தட்டச்சு செய்து, சமூக விவரங்களுக்கு டிபி02 (DP02), பொருளாதாரத்துக்கு டிபி03, வீட்டுவசதிக்கு டிபி04, வயதுக்கும் இனத்துக்கும் டிபி05 என்ற நான்கு தொகுப்பு அட்டவணைகளை எடுத்துக்கொண்டால் அடிப்படைச் சித்திரம் கைக்கு வந்துவிடும். அவசரத் தேவைக்கு, அதே அலுவலகம் முக்கிய எண்களைத் தொகுத்துத் தரும் குவிக்ஃபேக்ட்ஸ் பக்கம் போதும். ஆனால் அதில் ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு ஆண்டைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்பதால், அதை அப்படியே எடுத்து ஒரே பத்தியில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த ஆய்வின் முடிவுகள் இரண்டு வடிவங்களில் வெளியாகின்றன. 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு ஓராண்டு மதிப்பீடு உண்டு. எல்லா இடங்களுக்கும், நகரத்தின் உட்பகுதிகளுக்கும்கூட, ஐந்தாண்டுத் தரவுகளைச் சேர்த்துக் கணித்த மதிப்பீடு உண்டு. ஓராண்டு மதிப்பீடு புதியது, ஆனால் தள்ளாட்டம் அதிகம். ஐந்தாண்டு மதிப்பீடு நிலையானது, ஆனால் சமீபத்திய மாற்றத்தை மழுங்கடித்துவிடும். ரோசெஸ்டர் அளவுள்ள நகரத்துக்கு இரண்டுமே கிடைக்கும். நகரத்தின் மொத்த நிலையைப் பேச ஓராண்டையும், அதன் வட்டாரங்களைப் பேச ஐந்தாண்டையும் பயன்படுத்தலாம். இரு ஐந்தாண்டுத் தொகுப்புகளை ஒப்பிடும்போது அவற்றின் ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 2015–2019 தொகுப்பை 2017–2021 தொகுப்போடு ஒப்பிட்டால், இரண்டிலும் மூன்று ஆண்டுகள் பொதுவாக இருப்பதால் கிடைக்கும் வேறுபாட்டுக்குத் தெளிவான பொருள் இல்லை. பெருந்தொற்றால் பதில்கள் குறைந்துபோன 2020க்கு வழக்கமான ஓராண்டு அட்டவணைகள் வெளியிடப்படவே இல்லை. காலவரிசை வரைகிறவர்கள் அந்த இடத்தை வெற்றிடமாக விடுவதே நேர்மை.

ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அருகில், உண்மை எண் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் பிழை வரம்பு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு நகரத்தின் வருமானம் 44,000 டாலர், பிழை வரம்பு 1,500 என்றும், மற்றொன்றின் வருமானம் 42,000 டாலர், பிழை வரம்பு 1,800 என்றும் வைத்துக்கொள்வோம். இரு பிழை வரம்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,340 வரும். இரு நகரங்களின் வேறுபாடோ 2,000தான். எனவே முதல் நகரம் வசதியானது என்று சொல்ல இந்தத் தரவில் ஆதாரம் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே நாளிதழ்களில் வரும் பல "முந்தியது, பிந்தியது" தலைப்புகள் நிற்காமல் போய்விடும்.

யார் வாழ்கிறார்கள்

இனம் பற்றிய அட்டவணையில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, இனமும் ஹிஸ்பானிக் வம்சாவளியும் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) 2020 கணக்கெடுப்பிலும் இரண்டு தனிக் கேள்விகளாகவே கேட்கப்பட்டன என்பது. ஒருவர் வெள்ளையராகவும் ஹிஸ்பானிக்காகவும் ஒருசேர இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் மொத்தம் நூறைத் தாண்டிவிடும். அதனால் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர், ஹிஸ்பானிக் அல்லாத கறுப்பினத்தவர், எந்த இனத்தையும் சேர்ந்த ஹிஸ்பானிக் என்று பிரித்துத் தரும் அட்டவணையையே எடுக்க வேண்டும். 2024இல் மத்திய அரசு இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக்க முடிவெடுத்துவிட்டதால், வருங்காலத் தரவைப் பழைய தரவோடு ஒட்டும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவைப்படும். 2010க்கும் 2020க்கும் இடையிலேயே ஒரு முறிவு இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் என்று பதிவானோர் நாடு முழுவதும் 90 லட்சத்திலிருந்து 3 கோடியே 38 லட்சமாக உயர்ந்ததில், கேள்வியின் வடிவமும் விடைகளைக் குறியிடும் முறையும் மாறியதற்குப் பெரும் பங்கு உண்டு.

ரோசெஸ்டர் மாநகரத்தில் எந்த ஓர் இனமும் பாதியை எட்டவில்லை. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரும் தனித்தனியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஹிஸ்பானிக் மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஹிஸ்பானிக் மக்களில் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரே மிகுதி. புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவு; அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால், "வெளிநாட்டில் பிறந்தோர்" என்ற வரிசையில் அவர்கள் வரமாட்டார்கள். அந்த வரிசையை மட்டும் பார்த்து ஊரில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் குறைவு என்று முடிவு கட்டினால், ஸ்பானிய மொழி பேசும் ஒரு பெரிய சமூகத்தின் வருகையையே காணாமல் விட்டுவிடுவோம்.

கறுப்பின மக்களின் எண்ணிக்கைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்களால் 1950களில் நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை மும்மடங்கானது. ஊரின் பெரிய ஆலைகள் அவர்களுக்குக் கதவைத் திறக்கத் தயங்கின. புறநகர் வீடுகள் அவர்களுக்கு விற்கப்படவில்லை. 1964 ஜூலையில் வெடித்த கலவரமும், அதன்பின் கோடாக் நிறுவனத்தில் வேலைவாய்ப்புக் கேட்டு நடந்த நீண்ட போராட்டமும் இந்தப் பின்னணியிலிருந்து எழுந்தவை. அட்டவணையில் இன்று தெரியும் நகர–புறநகர் இன வேறுபாட்டைத் தனிமனிதர்களின் விருப்பத் தேர்வு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. எண்களோடு இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது எழுதுகிறவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

மொழிக்கான பி16001 (B16001) என்ற விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரிசை உண்டு, தெலுங்குக்கும் உண்டு. ஒரு நகருக்கு இடம்பெயரும் தமிழர்கள் இயல்பாகவே இதைத் தேடுவார்கள். ஆனால் சிறு சமூகங்களுக்கு இந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு மதிப்பீட்டுக்கே இணையாக இருக்கும். சிறிய இடங்களுக்கு இத்தனை விரிவு வெளியிடப்படுவதும் இல்லை. பெருநகர்ப் பகுதி அளவில் பார்த்துவிட்டு, எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்கு அகப்படாத மனிதர்களும் உண்டு. ரோசெஸ்டரில் தேசியக் காது கேளாதோர் தொழில்நுட்பக் கல்லூரி 1968 முதல் இயங்கிவருவதால், காது கேளாதோர் சமூகம் அந்த ஊரில் பெரியது, வலுவானது. ஊரின் மருத்துவமனைகளும் அரங்குகளும் அவர்களுக்காகத் தம்மை மாற்றிக்கொண்டிருக்கின்றன. கேட்பதில் சிரமம் உள்ளோர் எத்தனை பேர் என்று மாற்றுத்திறன் அட்டவணை சொல்லும். சைகைமொழியில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதை மொழி அட்டவணை சொல்வதில்லை. ஊருக்கே அடையாளமான ஒரு சமூகம் இப்படி விடுபட்டுப் போவதால், அட்டவணைகளோடு உள்ளூர் வரலாற்றையும் படிக்க வேண்டும்.

வருமானமும் வறுமையும்

வருமானத்துக்குச் சராசரியை விட்டு இடைநிலையை எடுங்கள். எல்லாக் குடித்தனங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடித்தனத்தின் வருமானமே இடைநிலை. சில பெரும் பணக்காரர்களால் அது உயராது. குடித்தனம் என்பதில் தனியாக வாழ்பவரும் ஓர் அறையைப் பகிரும் நண்பர்களும் அடக்கம். குடும்பம் என்பது உறவினர்கள் சேர்ந்து வாழும் குடித்தனங்களை மட்டுமே குறிக்கும். குடும்ப வருமானம் எப்போதும் சற்று உயர்வாகத் தெரிவதால், ஒரு கட்டுரையில் ஒன்றையே எடுத்து இறுதிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

2015–2019 தொகுப்பில் ரோசெஸ்டர் மாநகரத்தின் இடைநிலைக் குடித்தன வருமானம் சுமார் 35,600 டாலர். மன்றோ கவுண்டிக்குச் சுமார் 60,000 டாலர். கவுண்டி எண்ணுக்குள் நகரமும் அடங்கியிருக்கிறது என்பதால் புறநகரின் உண்மை நிலை 60,000க்கும் மேல். ஆனால் எவ்வளவு மேல் என்பதைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. தலை எண்ணிக்கைகளைக் கழிக்கலாம், இடைநிலைகளைக் கழிக்கலாகாது. வறுமையில் இருப்போரின் எண்ணிக்கையைக் கழிக்கலாம். அதே தொகுப்பில் மாநகர மக்களில் 31 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். கவுண்டி முழுவதற்கும் அது ஏழில் ஒருவர் அளவு. நகரத்தில் உள்ளவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், புறநகரில் வறுமை பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று தெரியவரும். நகரத்தின் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 2010களில் வறுமை பாதியை ஒட்டி நின்றது. இந்த ஊரைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்க வறுமைக்கோடு 1960களின் தொடக்கத்தில் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அரசுப் பொருளியலாளர் வகுத்த முறையிலிருந்து வருகிறது. குறைந்தபட்ச உணவுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு போட்டார். அதற்குப் பிறகு விலைவாசி ஏற்றத்துக்கு மட்டும் அது சரிசெய்யப்பட்டு வருகிறது. இரு பெரியவர்களும் இரு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு 2022இல் அந்தக் கோடு 29,678 டாலர். மன்ஹாட்டனுக்கும் மிசிசிப்பி கிராமத்துக்கும் இதே கோடுதான். உணவு உதவி, வாடகை உதவி, வரிச் சலுகை ஆகியவை இதில் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. இவற்றையும் வட்டார வாடகையையும் சேர்த்துப் பார்க்கும் துணை வறுமை அளவீடு 2011 முதல் வெளியாகிறது. ஆனால் அது நடுத்தர நகரங்களுக்கென்று வழக்கமாகக் கிடைப்பதில்லை.

கல்லூரி நகரங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. விடுதியில் தங்கும் மாணவர்கள் வறுமைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை, வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். பெற்றோரின் பணத்தில் படிக்கும் மாணவரும் வருமானமற்றவராகவே பதிவாவார். இத்தகா போன்ற சிறு பல்கலைக்கழக ஊர்களில் இது வறுமை விகிதத்தையே ஊதிப் பெருக்கிவிடும். ரோசெஸ்டரில் இதன் தாக்கம் சிறிது. ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் 1968 முதல் ஹென்ரியட்டா என்ற புறநகரில் இருப்பதால், அதன் விடுதி மாணவர்கள் நகர எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள். ஐயம் இருந்தால் 18 வயதுக்குட்பட்டோரின் வறுமையைப் பாருங்கள். அதில் மாணவர் குழப்பம் இல்லை.

வேலையும் தொழிலும்

வேலை பற்றிய எண்களில் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: இது வேலை இருக்கும் இடத்தின் கணக்கா, வேலை செய்பவர் குடியிருக்கும் இடத்தின் கணக்கா? சமுதாய ஆய்வின் டிபி03 அட்டவணையும், தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் உள்ளூர் வேலையின்மை விகிதமும் குடியிருப்பை வைத்துச் சொல்கின்றன. அதே அலுவலகம் நிறுவனங்களின் வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து காலாண்டுதோறும் தரும் வேலைவாய்ப்பு, கூலிக் கணக்கு பணியிடத்தை வைத்துச் சொல்கிறது. நகரத்து மருத்துவமனையில் வேலை செய்யும் புறநகர் மருத்துவரின் சம்பளம் இரண்டாவதில் நகரத்துக்கு வரவாகும், முதலாவதில் வராது. நகரத்துக்குள் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள், எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்பதை சென்சஸ் பீரோவின் ஆன் தி மேப் என்ற வரைபடக் கருவியில் கோடு வரைந்து பார்க்கலாம். சம்பளம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

வேலையின்மை விகிதம் வேலை தேடுகிறவர்களை மட்டுமே எண்ணும். தேடுவதைக் கைவிட்டவர்கள் அதிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஆகவே 25 முதல் 54 வயது வரையுள்ளோரில் எத்தனை விழுக்காட்டினர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஊர் எதில் சிறந்தது என்று அறிய, ஒரு தொழிலின் உள்ளூர்ப் பங்கை அதன் நாடளாவிய பங்கால் வகுக்கலாம். நாட்டில் 8 விழுக்காடாக இருக்கும் ஒரு தொழில் உள்ளூரில் 12 விழுக்காடாக இருந்தால் விடை 1.5, ஒன்றுக்கு மேல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு அந்தத் தொழிலில் ஊர் ஊன்றி நிற்கிறது என்று பொருள்.

கோடாக்கின் கதையை இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு பார்க்கலாம். 1982இல் அந்நிறுவனம் ரோசெஸ்டர் பகுதியில் மட்டும் சுமார் 60,400 பேரை வேலைக்கு வைத்திருந்தது. 2012 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி மனு செய்தபோது அங்கே ஏழாயிரத்துக்கும் குறைவானவர்களே மிஞ்சியிருந்தனர். நம் ஊர்த் தெருக்களில் கடைப் பெயராகவே நிலைத்துவிட்ட ஜெராக்ஸ், 1969லேயே தலைமையகத்தைக் கனெக்டிகட்டுக்கு மாற்றிக்கொண்டது. அதன் ஆலை வேலைகளும் பின்னாளில் சுருங்கின. இத்தனை இழப்புக்குப் பிறகும் கவுண்டியின் மக்கள்தொகை 1980க்கும் 2020க்கும் இடையில் 7,02,238இலிருந்து 7,59,443 ஆக உயர்ந்திருக்கிறது. ஒற்றை நிறுவனத்தின் ஆள்கணக்கை வைத்து ஒரு வட்டாரத்தின் விதியை எழுதக்கூடாது என்பதற்கு இது சான்று. பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் ஒளியியல் சிறு நிறுவனங்களும் அந்த இடத்தை நிரப்பின. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் இயங்கும் ஒளியியல் கழகம், கோடாக், பாஷ் அண்ட் லாம்ப் ஆகியவற்றின் தேவைக்காக உருவானது; அந்தத் தேவை போன பின்னும் அறிவு ஊரில் தங்கிவிட்டது. இன்று மருத்துவமனையோடு சேர்ந்த அந்தப் பல்கலைக்கழகமே வட்டாரத்தின் மிகப்பெரிய தனியார் வேலைவாய்ப்பாளர்.

ஆனால் எண்ணிக்கை ஈடாகிவிட்டது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கோடாக் 1912 முதல் தொழிலாளர்களுக்கு இலாபப் பங்கு வழங்கியது. கல்லூரிக்குப் போகாத ஒருவர் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வூதியத்தோடு வெளியேற முடிந்தது. அந்த இடத்துக்கு வந்த மருத்துவமனை வேலைகளில் மேல்படிச் சம்பளம் மிக அதிகம், கீழ்ப்படிச் சம்பளம் மிகக் குறைவு. ஆகவே வேலைகளின் எண்ணிக்கையோடு தொழில்வாரிச் சராசரிக் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் சொத்துவரி கட்ட வேண்டியதில்லை என்பதும், ஆலைகள் கட்டிவந்தன என்பதும் நகரத்தின் வரவுசெலவில் தெரியும்.

வட்டார உற்பத்தி மதிப்பும் தலைக்குரிய தனிநபர் வருமானமும் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகத்திடம் கவுண்டி அளவில் கிடைக்கும். மாநகர எல்லைக்குக் கிடைக்காது. நகரத்தின் உற்பத்தி மதிப்பு என்று யாராவது ஓர் எண்ணைத் தந்தால், அது பெரும்பாலும் பெருநகர்ப் பகுதியின் எண்.

வீடுகள்

வீட்டுவசதி அட்டவணையைப் பலர் வாடகைக்காக மட்டும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கட்டப்பட்ட ஆண்டை. ரோசெஸ்டர் மாநகரத்தின் வீடுகளில் பாதிக்கு மேல் 1940க்கு முன் கட்டப்பட்டவை. வீடுகளில் ஈயம் கலந்த சாயம் பூசுவது 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. பழைய வீடு, வாடகைக் குடி, வறுமை ஆகிய மூன்றும் ஒரே தெருவில் சேரும்போது குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. ரோசெஸ்டர் 2005இல் வாடகை வீடுகளில் ஈய ஆபத்தைக் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டத்தை இயற்றியது. பிற நகரங்கள் அதைப் பின்பற்றின. சிறு குழந்தைகளோடு குடியேறுகிறவர்கள் பி25034 (B25034) என்ற, வீடு கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும் அட்டவணையை வட்டார அளவில் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

மக்கள்தொகைச் சரிவையும் வீட்டு எண்ணிக்கையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 1950இல் அமெரிக்கக் குடித்தனத்தில் சராசரியாக மூவருக்கு மேல் இருந்தனர். இன்று இரண்டரைப் பேர். ஒரு வீடுகூடக் காலியாகாமலேயே ஒரு நகரம் நான்கில் ஒரு பங்கு மக்களை இழக்க முடியும் என்பதே இதன் பொருள். மக்கள் குறைந்த அளவுக்கு வீடுகள் காலியாகிவிடவில்லை என்றால், வாடகை குறையாததில் வியப்பில்லை.

ஒப்பிட்டு எழுதும்போது

ரோசெஸ்டரை, வேகமாக வளர்ந்த டெக்சஸின் ஆஸ்டினோடு ஒப்பிட்டால் ரோசெஸ்டர் தோற்கும். அதிலிருந்து கற்பதற்கு எதுவும் இல்லை. ஒரே காலத்தில் ஆலைகளால் வளர்ந்து, ஒரே காலத்தில் அவற்றை இழந்த பஃபலோ, சிராக்யூஸ், டேட்டன், டொலிடோ, ஏக்ரன் ஆகியவற்றோடு ஒப்பிட்டால், எது பொது விதி, எது இந்த ஊருக்கே உரியது என்பது தெளியும். மக்கள்தொகையில் ரோசெஸ்டர் 2010க்கும் 2020க்கும் இடையில் 763 பேர் கூடியது. 1950க்குப் பின் முதல் பத்தாண்டு ஏற்றம் அது. அந்த ஏற்றம் எவ்வளவு சிறிது என்பதையும், எத்தனை காலம் கழித்து வந்தது என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது வாசகரைத் தவறான பக்கம் தள்ளும்.

எழுதும் ஒவ்வொரு எண்ணோடும் எல்லை, ஆண்டு அல்லது ஆண்டுத் தொகுப்பு, வெளியிட்ட அலுவலகம் ஆகியவற்றை அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள். நகரங்களின் ஆண்டு மக்கள்தொகை மதிப்பீடு வழக்கமாக மே மாதத்திலும், ஓராண்டு ஆய்வு முடிவுகள் செப்டம்பரிலும், ஐந்தாண்டு முடிவுகள் டிசம்பரிலும் வெளியாகும். புதிய ஆண்டு மதிப்பீடு வரும்போது முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடுகளும் திருத்தப்படுவதால், பழைய வரிசையின் முனையில் புதிய எண்ணை ஒட்டாமல், முழு வரிசையையும் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.